பாட்டிக்கும் ஒரு நாண்மங்கலம்

பெங்களூருவில் அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி நம் அன்பர் ஒருவரின் இல்லம் இருக்கிறது. சென்ற ஆவணித் திங்களில் அவர்தம் இளைய மகனுக்கு ஐந்து ஆண்டு நிறைவுற்றதை ஒட்டி அங்கே நடந்த விழாவிற்கு நாமும் சென்றிருந்தோம். கூடமெங்கும் வண்ணத் தாள்களும் பலூன்களும் தொங்கின. ஐயங்கார் பேக்கரியில் சொல்லிவைத்து வாங்கிய முட்டையில்லாத கேக் நடுவில் இருந்தது. குழந்தையை மனையில் அமர்த்தி, சம்பந்தி அம்மாளும் எதிர் வீட்டுச் சுமங்கலி ஒருவரும் ஆரத்தி சுற்றினர். எல்லோரும் கைதட்டினோம்.

"பாட்டியார் எங்கே?" என்று கேட்டோம். ஒருவரும் விடை கூறவில்லை. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் சிறு முற்றத்தில், கவிழ்த்து வைத்த வாளியின் மேல் அவர் அமர்ந்திருக்கக் கண்டோம். "நல்ல நேரத்தில் நான் எதற்குக் குறுக்கே? ஆகட்டும், பிறகு வருகிறேன்" என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

அன்று விடியலில் நான்கு மணிக்கு எழுந்து, தேங்காய்ப் பால் பிழிந்து, பருப்புப் பாயசம் வைத்தவர் அவரே. அதனை நாம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டோம். அக்கை சமைத்ததை உண்ணலாம், அக்கை ஆரத்தித் தட்டைத் தொடலாகாது என்பது என்ன கணக்கோ! இதனை இன்று எழுதுகின்ற நாம் அன்று வாய் திறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாயசக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

அவர் வேதாரணியத்தை அடுத்த ஒரு சிற்றூரினர். கணவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பதினாறாம் நாள் கழிந்ததும் மகன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பங்காளி ஒருவரிடம் கொடுத்து, தாயைப் பெங்களூருவுக்கு அழைத்து வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஓர் அரிவாள்மணை, கணவரின் குடை ஆகிய மூன்றுமே அவர் கொண்டுவந்த உடைமை. மகனும் மருமகளும் பணிக்குச் செல்பவர்கள். குழந்தைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றுவது, மாலையில் இறக்குவது, இடையில் உலை வைப்பது, துணி மடிப்பது என்று பொழுது போயிற்று. முதல் ஓராண்டில் அவர் அத்தெருவின் முனையைத் தாண்டியதில்லை. மொழி தெரியாது, வழி தெரியாது, கேட்கவும் கூச்சம்.

நம் இல்லங்கள் பலவற்றில் நடப்பது இதுவே. தாயைத் தனியே விட மனம் வரவில்லை என்று சொல்லி அழைத்து வருகிறோம், அது உண்மையே. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது என்பதும் உண்மையே. முதல் உண்மையை ஊருக்குச் சொல்கிறோம். இரண்டாவதை நமக்குள் வைத்துக்கொள்கிறோம். பாட்டிமார் அறியாதவர் அல்லர்.

ஐப்பசியில் ஒரு நாள், நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி வீட்டார் அனைவரின் பிறந்தநாட்களையும் நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கினாள். தந்தை, தாய், தம்பி, ஓசூரிலுள்ள சிற்றப்பன், அவர் மக்கள் என்று பதினொரு பெயர்கள். பாட்டியின் பெயருக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது. "ஆதார் அட்டையைப் பார்" என்றார் தந்தை. அட்டையில் 1952 சனவரி 1 என்று இருந்தது. பிறந்த ஆண்டு மட்டும் சொல்லத் தெரிந்தவர்க்குச் சனவரி முதல் நாளையே இட்டுவிடுவது வழக்கம். ஆதலின் நம் நாட்டு முதியோருள் எண்ணற்றோர் ஒரே நாளில் பிறந்தவராகிவிட்டனர். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் பார்த்து வைத்த சூன் மாதப் பிறப்புகளும் இவ்வாறே. அந்த அம்மையாருக்கு ஆண்டுதோறும் ஆங்கிலப் புத்தாண்டு அன்று வங்கியிலிருந்து வாழ்த்துச் செய்தி வருமாம். அது எதற்கு வருகிறது என்பது அவருக்கே அன்றுதான் விளங்கிற்று.

"நான் சனவரியில் பிறக்கவில்லை. புயலில் பிறந்தவள்" என்றார் பாட்டி.

1952-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று தஞ்சைக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயலை அப்பகுதியின் முதியோர் இன்றும் மறவார். தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அவர் தாய் நிறைசூலியாக ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் பிறரோடு ஒதுங்கியிருந்தாராம். புயல் அடித்த எட்டாம் நாள் அங்கேயே பெண் பிறந்தது. நந்தன ஆண்டு, கார்த்திகைத் திங்கள், மகம். "மகத்துப் பெண் சகத்தை ஆளும் என்று மருத்துவச்சி சொன்னாளாம். ஆண்டுகொண்டுதான் இருக்கிறேன், அடுப்பங்கரையை" என்று சொல்லிச் சிரித்தார். பேத்தி விரல் விட்டு எண்ணி, டிசம்பர் 8 என்று கண்டுபிடித்தாள். ஆயினும் பாட்டி ஒப்பவில்லை. தேதி வெள்ளைக்காரனுடையது; தம்முடையது கார்த்திகை மகம் என்றார். அவ்வாறே குறிக்கப்பட்டது.

அதுவரை அவருக்குப் பிறந்தநாள் என ஒன்று நடந்ததேயில்லையோ? முதலாண்டு நிறைவில் காது குத்தியிருப்பார்கள். அதன்பின் இல்லை. நம் மரபில் பெரிய விழாவாக வருவன அறுபதாம் ஆண்டு நிறைவும் எண்பதாம் ஆண்டு நிறைவும் ஆகும். அறுபது ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று சுற்றி, பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருவதைக் கொண்டாடுவது முன்னது. ஆனால் எண்ணப்படுவது கணவனின் அகவையே. மனைவி அருகில் அமர்கிறாள். அவளுக்கு ஐம்பத்து மூன்றாயினும் ஐம்பத்தெட்டாயினும் கேட்பாரில்லை. இவ்வம்மையாரும் திருக்கடையூரில் கணவரின் அறுபதாம் ஆண்டு நிறைவில் மாலையும் கழுத்துமாக அமர்ந்தவர். அவருடைய நந்தன ஆண்டு 2012-இல் திரும்பி வந்தபோது வீட்டில் ஒருவரும் அறிந்திலர், அவரும் சொல்லவில்லை. கணவன் இல்லையேல் எண்பதாம் ஆண்டு நிறைவும் இல்லை. அவ்விழாவோ ஆயிரம் பிறை கண்டமைக்காக எடுப்பது. ஆயிரம் முழுநிலவு தோன்றி மறைய ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் ஆகும். கணவனை இழந்தவள் வீட்டின்மேல் நிலவு வருவதில்லை என்று எந்தப் பஞ்சாங்கக்காரரும் எழுதியதாக நாம் அறியோம்.

இது இவ்வாறிருக்க, நவம்பர் 14 அன்று சாலுமரத திம்மக்கா பெங்களூருவில் காலமானார். கன்னட நாட்டில் வாழும் நமக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. ஆயினும் சிறுவர்க்காகச் சில சொற்கள்: மாகடிப் பகுதியிலுள்ள ஹுலிகல் என்னும் சிற்றூரில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர், பள்ளி செல்லாதவர், பிள்ளைப்பேறு வாய்க்காதவர். கணவர் சிக்கையாவுடன் சேர்ந்து, ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடைப்பட்ட சாலையில் ஆலங்கன்றுகளை நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆடு மாடு கடியாதபடி முள்வேலி கட்டி வளர்த்தார். அவை 385 மரங்கள் என்பர். சாலுமர என்றால் வரிசை மரம். மக்கள் தந்த பட்டம் அது. 1991-இல் கணவர் மறைந்தார். நம் வழக்கப்படி அத்தோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். பின்னரே நாடு அவரை அறிந்தது. பின்னரே ஒரு மகனைத் தம் மகனாக ஏற்றார். மரம் வளர்ப்பதை ஊர் ஊராகச் சென்று சொன்னார். 2019 மார்ச்சு 16 அன்று பத்மசிறீ விருது பெறக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் சென்றபோது, விருதை வழங்கிய இராம்நாத் கோவிந்த் அவர்களின் நெற்றியில் கை வைத்து ஆசி கூறினார். அங்குள்ள முறைமை அதற்கு இடம் தருவதன்று. குடியரசுத் தலைவரோ புன்னகையுடன் தலை தாழ்த்தி ஏற்றார். காலமானபோது அம்மையாரின் அகவை 114 என்றனர்.

பேத்தியின் பள்ளியில் இதனைச் சொல்லி, அப்படத்தையும் காட்டினார்கள். வீடு திரும்பியவள் பையைக்கூட இறக்காமல் பாட்டியிடம் சென்றாள். "அப்பாயி, அந்த அஜ்ஜிக்கும் தாத்தா இல்லை. அவர் குடியரசுத் தலைவர் நெற்றியிலேயே கை வைத்தார். நீ மட்டும் தம்பிக்கு ஏன் ஆரத்தி எடுக்கவில்லை?"

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் மரம் வைத்தவர், கண்ணு. நான் என்ன வைத்தேன்?" என்றார்.

"பாயசம் வைத்தாயே!"

இதனை நமக்குச் சொன்னவர் அக்குழந்தையின் தாய். சொல்லும்போது சிரித்தார், சொல்லி முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் என் அம்மா தட்டை எடுத்தபோது நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்த்திகை மகத்தன்று அத்தைக்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டும் என்று இவள் ஒரே பிடிவாதம். அத்தையோ, ஊர் சிரிக்கும், வேண்டா என்கிறார். என் அம்மா என்ன சொல்வார் என்றும் எனக்கு அச்சம். கைம்பெண்ணுக்குப் பிறந்தநாள் எடுப்பது நம்மில் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்றோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. அதுவும் அவர்தம் மாமியாரின் மாவட்டத்திலேயே உண்டு.

கண்டராதித்த சோழர் மறைந்தது 957-ஆம் ஆண்டளவில். அப்போது அவர் தேவியாரான செம்பியன் மாதேவியாருக்குக் கைக்குழந்தையாக ஒரு மகன். அத்தேவியார் 1001-ஆம் ஆண்டளவு வரை, நாற்பது ஆண்டுக்கு மேல் கைம்பெண்ணாக வாழ்ந்தார். அக்காலத்தில்தான் செங்கல்லாய் இருந்த கோயில்கள் பல அவரால் கற்றளிகளாயின. திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துக் கோயில் அவற்றுள் ஒன்று. அதனைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் இறைவனை வணங்கும் உருவத்தையும் சுவரில் செதுக்குவித்தார். மகன் உத்தம சோழன் அரசனானான். இராசராசனுக்கோ அவர் பாட்டி முறை. நாகைப் பகுதியில் அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்று ஓர் ஊர் இன்றும் உள்ளது. அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில் அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நடக்க நிவந்தங்கள் வைக்கப்பட்டன. வைத்தவர் யார் தெரியுமா? உத்தம சோழனின் தேவியர், அம்மையாரின் மருமக்கள். அதனைக் கல்வெட்டில் பொறித்தும் வைத்தார்கள்.

இதைக் கேட்டுப் பழையதெல்லாம் பொன் என்று எண்ணிவிடவேண்டா. புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய முடிவு செய்தபோது, கைம்மை நோன்பின் கொடுமையை அடுக்கிச் சொல்லி, அதனினும் தீயே மேல் என்றாள். அதுவும் நம் பழமையே. இரண்டும் நம் முன்னோர் விட்டுச்சென்ற பெட்டியில் உள்ளன. எதை எடுப்பது என்பது பெட்டியைத் திறப்பவர் கையில் இருக்கிறது என்று அம்மருமகளிடம் கூறினோம். அவரோ நம்முடைய பெட்டியைப் பொருட்படுத்தாமல், "கேட்டைக்கு நடந்ததென்றால் மகத்துக்கும் நடக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

செம்பியன் மாதேவியின் பெயரைக் கேட்டதும் பாட்டி வியந்தாராம். "அந்த ஊர் வழியாக எத்தனை முறை போயிருக்கிறேன்! அது ஒரு அம்மாளின் பெயர் என்றே எனக்குத் தெரியாதே" என்றவர், பிறகு மறுத்துப் பேசவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கார்த்திகை மகம் வந்தது. காலையில் சோமேசுவரர் கோயிலில் அருச்சனை. "பெயர், நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார். பாட்டி பழக்கத்தால் மகன் பெயரைத் தொடங்கிவிட்டார். பேத்தி முந்தானையை இழுத்தாள். அதன்பின் தம் பெயரைச் சொல்லி, மகம் என்றார். ஐம்பது ஆண்டுக்கு மேல் கணவர் பெயருக்கும் மக்கள் பெயருக்கும் அருச்சனை செய்வித்தவர். தம் பெயரைக் குருக்கள் வாயால் அன்றுதான் கேட்டார். கோயிலைவிட்டு வெளியே வரும்போது, "என் பெயர் கொஞ்சம் நீளமோ?" என்று மகனைக் கேட்டாராம்.

மருமகள் மாம்பழ நிறத்தில் புடவை ஒன்று வாங்கி வைத்திருந்தார். பாட்டி அதற்கு உடன்படவில்லை. வெள்ளையில் பச்சைக் கரை போட்டதையே உடுத்தினார். மருமகளுக்குச் சிறு வருத்தம். நாம் அதில் தலையிடவில்லை. பண்டைத் தமிழ் வேந்தர் தம் பிறந்தநாளில் உடுத்தது வெண்ணிறமே. அந்நாளுக்கு வெள்ளணி என்றே பெயர். அதனைப் பெருமங்கலம் என்றும் நாண்மங்கலம் என்றும் இலக்கண நூலார் குறித்தனர். அன்று வேந்தன் சினம் தவிர்வான். சிறையில் உள்ளாரை விடுவிப்பான். வெள்ளை துயரின் நிறமாகவே இருந்து வந்ததன்று. தவிர, தமக்குப் பிடித்ததை உடுத்துவது பிறந்தநாள் காண்பவரின் உரிமை அன்றோ?

மாலையில் கேக் வந்தது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கவேண்டும் என்றாள் பேத்தி. விளக்கு வைக்கும் நேரத்தில் நெருப்பை ஊதுவதா என்று பாட்டி திகைத்தார். அரை மணி நேரம் இவ்வழக்கு நடந்தது. இறுதியில் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, மெழுகுவத்தி இன்றியே கேக்கை வெட்டினார்கள். வெட்டுவதற்குப் பேத்தி நீட்டிய நெகிழிக் கத்தியை ஒதுக்கிவிட்டுப் பாட்டி அரிவாள்மணையைத் தேடியதை அவ்வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர்.

சம்பந்தி அம்மாள் அன்று வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினார். மருமகளே ஆரத்தி எடுத்தார். பிறகு வீட்டிலுள்ளோர் அனைவரும் வரிசையாக வந்து பாட்டியின் காலில் விழுந்தனர். பேத்தி விழவில்லை, நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றாள். பாட்டி திருநீற்றுக் கிண்ணத்தில் விரலை வைத்தவர் ஒரு கணம் தயங்கினார். குழந்தை அசையவில்லை. பூசிவிட்டார்.

தைத் திங்களில் மருமகளுக்குப் பிறந்தநாள். அன்று ஆரத்தித் தட்டைப் பாட்டியின் கையில் கொடுத்தவர் மகன். சம்பந்தி அம்மாளும் அருகில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. உண்ணும்போது பாயசத்தில் ஏலம் சற்றுக் கூடுதல் என்று மட்டும் கூறினார். நமக்கும் அப்படியே பட்டது.

விதவை என்ற சொல்லில் ஒரு புள்ளி இல்லை, கைம்பெண் என்ற சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிதுதான். எழுத்துக்குப் பொட்டு வைப்பது எளிது. அல்சூரில் அந்த வீட்டார்க்கு ஆவணியிலிருந்து தை வரை ஆயிற்று.

இப்போது அவரிடம் நாற்பது பக்கக் கோடிட்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. உறவினர், அண்டை வீட்டார் அனைவரின் நட்சத்திரமும் தேதியும் அதில் உள்ளன. ஒவ்வொருவரையும் உரிய காலையில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துகிறார். மாடி வீட்டுக் கன்னட அம்மையாரும் கணவரை இழந்தவரே. இவரிடம் தம் நாளைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்தார். அன்று இவர் பாயசமும் அவர் ஒப்பட்டும் செய்து மாற்றிக்கொண்டனர். 'ஊட்டா ஆய்த்தா' என்ற அளவில் நின்றிருந்த இவருடைய கன்னடம் இப்போது விலை பேசும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2023 சூன் 11 முதல் கருநாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் இம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஆதார் அட்டையில் முகவரியை மாற்றச் செய்தார். பிறந்த தேதியை மாற்ற முயலவில்லை, சனவரி வாழ்த்தும் வந்துகொண்டிருக்கட்டும் என்கிறார். வியாழக்கிழமைகளில் மாடி வீட்டு அம்மையாருடன் இரசல் சந்தைக்குச் சென்று வருகிறார். அவ்வேளையில் பிள்ளைகளைப் பள்ளி வண்டியிலிருந்து இறக்க மகன் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு வரவேண்டியிருக்கிறது. முதலில் முணுமுணுத்தார், இப்போது வருகிறார்.

சென்ற வாரம் நம்மைக் கண்டபோது எம்முடைய நட்சத்திரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பங்குனியில் ஓசூர்ப் பேரனுக்குப் பிறந்தநாள் வருகிறது. யாரும் வந்து அழைத்துப் போகவேண்டா, தாமே போகப் போவதாகச் சொன்னார். அத்திப்பள்ளி வரை கட்டணம் இல்லை என்பதை முன்னரே விசாரித்து வைத்திருக்கிறார். அங்கிருந்து ஓசூருக்கு எந்த வண்டி, எவ்வளவு காசு என்று கேட்டார். மகனிடம் கேட்டால் காரை எடுத்துவிடுவான், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் என்றார்.